நானே எடுத்த படம், ஆனாலும் நீக்கினார்கள்

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு நாவலைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். என்னிடமிருந்த பிரதியின் அட்டையைக் கைபேசியில் படமெடுத்து, 'சொந்தப் படைப்பு' என்று குறித்து யாரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினேன். மறுநாள் படம் இல்லை.

காரணம் புரிய நேரமாயிற்று. புத்தகம் என்னுடையதுதான்; அட்டை ஓவியம் அதை வரைந்தவருடையது. இந்தியச் சட்டப்படி அவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் உரிமை தொடரும். புத்தகத்தை வாங்கியதால் ஓவியத்தின் உரிமை என் கைக்கு வந்துவிடாது. ஓவியருக்கு அது நியாயமான பாதுகாப்பு என்றே நினைக்கிறேன்.

உரிமையுள்ள படத்தை அனுமதியின்றிக் குறிப்பிட்ட தேவைக்கு மட்டும் பயன்படுத்துவதை நியாயப் பயன்பாடு என்பார்கள்; பொதுவகம் அதை ஏற்பதே இல்லை. அதனால் படத்தைச் சிறிதாக்கி, அதற்கு இடம் தரும் தமிழ் விக்கிப்பீடியாவிலேயே பதிவேற்றினேன். பதிப்பாளர் யார், எந்தக் கட்டுரைக்கு, ஏன் உரிமைத் தடையில்லாத (கட்டற்ற) மாற்றுப் படம் கிடைக்காது என்று விளக்கமும் எழுதினேன். படம் நின்றது.

அப்புறம் அந்த எழுத்தாளரின் கட்டுரைக்கும் படம் வேண்டியிருந்தது. அவர் உயிரோடு இருக்கிறார். யாரும் போய்ப் படமெடுக்கலாம் என்பதால் அங்கே நியாயப் பயன்பாடு செல்லாது. சரி என்று ஒரு கூட்டத்தில் அவரிடம் கேட்டு நானே எடுத்தேன். அதைத் தாராளமாகப் பொதுவகத்தில், பிறரும் பயன்படுத்த அனுமதிக்கும் படைப்பாக்கப் பொதும (Creative Commons) உரிமத்தில் வெளியிட்டேன்.