ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்களுக்கு

தண்ணீர் போத்தலின் லேபிளை முதல் நாள் இரவே உரித்துவிடுங்கள். பிஸ்கட்டை டப்பாவிலும், ரொட்டி சம்பலை வாழையிலையிலும் கட்டிக்கொள்ளுங்கள். ஹோட்டன் சமவெளி ஒரு தேசியப் பூங்கா, அதற்குள் பொலித்தீன் கூடாது. அங்குள்ள மரைகள் என்ற பெரிய மான்கள் அதைத் தின்றுவிடும். அதனால் வாசலில் பைகளைத் திறந்து பார்த்து, உறைகளைக் கழற்றச் சொல்வார்கள். வேனில் எட்டுப் பேர் என்றால், ஒருவர் பையில் சிப்ஸ் பாக்கெட் இருந்தாலும் எல்லோரும் நிற்கவேண்டும். அந்த நேரம் முக்கியம். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் உலக முடிவு என்ற செங்குத்தான மலை விளிம்பில் மூடுபனி ஏறிவிடும், அப்புறம் வெறும் வெள்ளைதான். நுவரெலியாவிலிருந்து எட்டு மணிக்குத்தான் கிளம்புவீர்கள் என்றால், வாசலில் மிச்சமாகும் நேரத்தால் மூடுபனியை முந்த முடியாது. லேபிளை மட்டும் எப்படியும் உரித்துவிடுங்கள்.