பிடரியிலிருந்து ஏறும் தலைவலி: கைரோபிராக்டரிடம் போகும் முன் தெரிய வேண்டியவை

எங்கே வலிக்கிறது என்று கேட்டால் சிலர் நெற்றிப்பொட்டைத் தொடுவார்கள். சிலர் கையைப் பிடரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து காதுக்கு மேலாகக் கண்வரை ஒரு கோடு இழுப்பார்கள். முதுகெலும்பு, கழுத்து மூட்டுகளைக் கையால் அழுத்தியும் அசைத்தும் தரும் சிகிச்சையான கைரோபிராக்டிக்கால் பயன் கிடைக்க வாய்ப்புள்ளவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக்காரர்கள்தான்.

கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும், முகத்துக்கு உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பும், தண்டுவடத்தின் மேற்பகுதியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் கழுத்து மூட்டில் பிறக்கும் வலியை மூளை கண்ணுக்குப் பின்னால் இருப்பதாகக் கணக்கெழுதிவிடுகிறது. இந்த வலி பொதுவாக ஒரே பக்கம் இருக்கும், பக்கம் மாறாது. தலையைத் திருப்பினாலோ, லேப்டாப் முன் குனிந்தே இருந்தாலோ கூடும். அந்தப் பக்கம் கழுத்து முழுசாகத் திரும்பாது.

ஒற்றைத் தலைவலி என்கிற மைக்ரேன் வேறு. விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, படியேறினால் அதிகமாகும், 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும். குழப்பம் என்னவென்றால், மைக்ரேனிலும் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு 'கோளாறு கழுத்தில்தான்' என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கிற தவறு. நார்வேயில் 104 மைக்ரேன்காரர்களை வைத்து நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், முறையான கைரோபிராக்டிக் பெற்றவர்களுக்கும் பாசாங்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் வலி நாள்கள் ஏறக்குறைய ஒரேபோலத்தான் குறைந்தன. மைக்ரேனுக்கு முதலில் பார்க்க வேண்டியவர் நரம்பியல் மருத்துவர்.

கைரோபிராக்டரிடம் போவதற்கு முன் நான்கு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, எந்தப் பக்கம், எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பாராசிட்டமால், அல்லது 10 நாளோ அதற்கு மேலோ டிரிப்டான் (மைக்ரேனுக்கான மாத்திரை), பல மருந்துகள் சேர்ந்த கூட்டு வலி மாத்திரை என்று மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால், மாத்திரையே தலைவலியைக் கொடுக்கத் தொடங்கியிருக்கலாம். அப்போது கழுத்தை எவ்வளவு நீவினாலும் பலிக்காது.

முதல் நாளில் கைரோபிராக்டர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். உங்களை மல்லாக்கப் படுக்கவைத்து, தாடை நெஞ்சைத் தொடுமளவு தலையை மடக்கி, இரு பக்கமும் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். சாதாரணமாக 44 டிகிரி அளவுக்குத் திரும்பும். ஒரு பக்கம் 32 டிகிரிக்குள் நின்றுவிட்டால் மேல் கழுத்து மூட்டில் இறுக்கம் இருக்கலாம். இதெல்லாம் இல்லாமல் எக்ஸ்ரேயைக் காட்டி '40 சிட்டிங், முன்பணம்' என்றால் எழுந்து வந்துவிடலாம்.

'சடக்' என்ற சத்தம் எலும்பு இடத்துக்குத் திரும்பிய சத்தம் அல்ல, மூட்டு நீரில் வாயு உண்டாக்கும் சத்தம். அதற்காகக் காசு கொடுக்க வேண்டாம். கழுத்தை வெடுக்கென்று திருப்பாமல், மூட்டை மெதுவாக அசைத்துத் தளர்த்தும் முறையைக் கேட்டு வாங்குங்கள். வெடுக்கென்று திருப்பும்போது, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் முதுகெலும்புத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. சலூனில் முடிவெட்டிய கையோடு நெட்டி முறிக்கக் கழுத்தைக் கொடுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது: மல்லாக்கப் படுத்து, தலைக்கடியில் மடித்த துண்டு வையுங்கள். 'ஆமாம்' என்பதுபோலத் தாடையை லேசாக உள்ளே இறக்கி 10 விநாடி நிறுத்துங்கள். 10 முறை, காலையும் மாலையும், ஆறு வாரம். தலை துண்டைவிட்டு எழக் கூடாது. தொண்டையின் இரு பக்கமும் விரல் வைத்துப் பாருங்கள். தசை கயிறுபோல விறைத்தால் அதிகம் முக்குகிறீர்கள், பாதியாகக் குறையுங்கள். பல்லைக் கடிப்பதும் தப்பு. ஆஸ்திரேலியாவில் 200 பேரிடம் பிசியோதெரபிஸ்டுகள் நடத்திய, 2002இல் வெளியான ஆய்வில், இந்த வகைப் பயிற்சி, கைச்சிகிச்சை இரண்டுமே கழுத்துத் தலைவலியைக் குறைத்தன. பலன் ஒரு வருடம் கழித்தும் நின்றது. பயிற்சிக்குச் செலவு ஒரு துண்டுதான்.

இரண்டாவது: இரண்டு டென்னிஸ் பந்துகளை ஒரு சாக்ஸில் போட்டு முடிந்து, மண்டையோட்டின் அடிவிளிம்புக்குக் கீழே, முதுகுத்தண்டுக்கு இரு பக்கமும் வருமாறு வைத்து மூன்று நிமிடம் படுங்கள். சரியான இடமென்றால் பழகிய வலியே மெல்ல எட்டிப்பார்த்துப் பிறகு அடங்கும். நடுக்கழுத்திலோ தொண்டைப் பக்கமோ வைக்காதீர்கள். கிறுகிறுத்தால் நிறுத்துங்கள்.

சிகிச்சைக்குப் பின் ஒரு நாள் கழுத்து கனப்பது சகஜம். ஆறு முறைக்குள் நோட்டில் வலி நாள்கள் குறையவில்லையென்றால் ஏழாவதுக்குப் போக வேண்டியதில்லை.

ஒரு நிமிடத்துக்குள் உச்சகட்டத்தை எட்டும் இடிபோன்ற தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, அடிபட்டபின் வந்த வலி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய வலி, இதுவரை கண்டிராத ஒருபக்கக் கழுத்துவலி: இவற்றில் எது இருந்தாலும் கழுத்தில் யாரையும் கை வைக்க விடாமல் முதலில் மருத்துவமனை. சிகிச்சைக்குப் பிறகு பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு பக்க இமை தொங்கினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ, சிகிச்சை செய்தவருக்கு போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.