கொலம்போவை டிஸ்க்கில் மறுபடி பார்ப்பதற்கு

பீட்டர் ஃபாக் துப்பறிவாளர் கொலம்போவாக நடித்த அமெரிக்க டிவி தொடர் ‘கொலம்போ’வில் கொலையாளி யார் என்பது பெரும்பாலும் முதலிலேயே தெரிந்துவிடும். அதனால் இரண்டாம் முறை பார்க்கும்போது சுவை கூடத்தான் செய்யும்.

வாங்குமுன் டிஸ்க்கின் மண்டலத்தைப் பாருங்கள். எந்த நாட்டு பிளேயரில் அது ஓடும் என்பதைச் சொல்லும் குறியீடு அது. டிவிடியில் இந்தியா 5, அமெரிக்கா 1, பிரிட்டன் 2. ப்ளூ-ரேயில் முறையே சி, ஏ, பி. கணினி டிரைவில் பொதுவாக ஐந்து முறைதான் மண்டலத்தை மாற்றலாம். பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும்.

டிவிடி என்றால் அமெரிக்கப் பதிப்பே மேல். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்தை பிரிட்டனின் பால் (PAL) என்ற டிவி முறை 25-ல் ஓட்டும். 98 நிமிடம் 94 ஆகிவிடும். சுருதியைச் சரிசெய்யாத டிஸ்க்கில் ஃபாக்கின் கரகரத்த குரல் மெலிந்து ஒலிக்கும்.

டிவியில் பட விகிதத்தை 4:3 என வையுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. ஜூம் செய்தால் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, ஓரத்தில் கிடக்கும் தடயம் போய்விடும். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது பிலிமின் இயல்பையே கெடுக்கிறது.

தொடருக்கு முன்னோடியாக 1968, 1971-ல் வந்த முழுநீளப் படங்கள் இரண்டையும் முடித்துவிட்டு முதல் சீசனுக்குள் போங்கள். அதன் முதல் கதையை இயக்கியவர் ஸ்பீல்பெர்க். தொடக்கத்தில் கார் வருகிறது, ஆனால் காதில் விழுவது தட்டச்சுப் பொறியின் ஓசை மட்டுமே. என்ன அழகான தொடக்கம்! இந்த முறை கொலம்போவை விட்டுவிட்டு கொலையாளியின் முகத்தையே பாருங்கள்.

படம் திக்கினால் டிஸ்க்கை மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடும். பிளேயரின் பிழைதிருத்தத்தால் அதை ஈடுகட்டுவது கடினம்.