பான் கட்டத்தில் நின்ற உத்யம் பதிவு

மசாலாப் பொடித் தொழிலுக்குக் கடன் கேட்டபோது, வங்கியில் உத்யம் சான்றிதழ், அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவுச் சான்று, கொண்டுவரச் சொன்னார்கள். அதற்கான அரசுத் தளத்தில் பதிவு செய்தபோது, ஆதார் ஓடிபி சரியாக வந்தும், பான் விவரம் பொருந்தவில்லை என்றே நான்கு நாட்களாகத் திரை மறுத்தது. உலாவியை மாற்றியும் பயனில்லை. அரசுத் தளம் போலவே தோன்றிய ஒரு தனியார் தளம் 1,500 ரூபாய் கேட்டது, நல்லவேளையாகக் கட்டவில்லை.

மாவட்டத் தொழில் மையத்தில் இருந்த அலுவலர் இரு அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ஆதாரில் என் பெயருக்கு முன் 'சு.' என்ற தலைப்பெழுத்து மட்டும் இருக்க, பான் அட்டையிலோ தந்தையின் பெயர் முழுதாக என் பெயருக்குப் பின் இருந்தது. நான் இரு கட்டங்களிலும் ஆதார்ப் பெயரையே இட்டிருந்தேன். பான் கட்டத்தில் பான் அட்டையில் உள்ளபடியே பெயரையும் பிறந்த தேதியையும் இட்டதும் பதிவு நகர்ந்தது. கட்டணம் ஏதுமில்லை.