டோஸ் எங்கே அளக்கப்பட்டது? கருப்பை வாய்ப் புற்றுநோயின் உள் கதிர்வீச்சு ஆய்வுகளைப் படிக்கும் முறை

கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராக இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டேன். புதிதாக வந்து சேரும் இளையவர்கள் மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட்டில் தேடி அறுபது, எழுபது கட்டுரைகளை இறக்கி வைத்துக்கொண்டு எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பார்கள். ஒவ்வொரு கட்டுரையிலும் டோஸ் (திசு வாங்கும் கதிர்வீச்சின் அளவு) எங்கே அளக்கப்பட்டது என்பதை முதலில் தேடுங்கள் என்பேன். அந்தக் கேள்விக்கான பதில் மாறிக்கொண்டே வந்ததுதான் பிராக்கிதெரபியின், அதாவது உள் கதிர்வீச்சு சிகிச்சையின், ஆய்வு வரலாறு.

உள் கதிர்வீச்சில் கதிர்மூலத்தைக் கருப்பைக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கிறோம். புள்ளி போன்ற மூலத்திலிருந்து தூரம் இரு மடங்கானால் டோஸ் கால்வாசியாகக் குறையும். கட்டிக்கு நிறையக் கொடுத்து, ஒட்டியிருக்கும் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் காப்பாற்ற முடிவது இதனால்தான். அளக்கும் இடம் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எண் வேறாகிவிடுவதும் இதனால்தான்.

1938இல் மான்செஸ்டரில் டாட், மெரிடித் இருவரும் ‘ஏ புள்ளி’யை வரையறுத்தார்கள். யோனியின் பக்கக் குழிவிலிருந்து 2 செ.மீ. மேலே, கருப்பைக் கால்வாயிலிருந்து 2 செ.மீ. பக்கவாட்டில் இருக்கும் புள்ளி அது. சாதாரண எக்ஸ்ரே படத்தில் கட்டி தெரியாத காலத்தில் அது பெரிய துணை. ஆனால் கட்டி சிறியதோ பெரியதோ, புள்ளி இருந்த இடத்தில்தான் இருக்கும். 1985இல் வந்த, கதிர்வீச்சு அளவீட்டுக்கான பன்னாட்டு ஆணையமான ஐசிஆர்யுவின் 38ஆம் அறிக்கை சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் புள்ளிகளை நிர்ணயித்தது. 2005, 2006 ஆண்டுகளில் ஐரோப்பிய பிராக்கிதெரபி வல்லுநர்களின் ஜெக்-எஸ்ட்ரோ குழு வெளியிட்ட இரண்டு பரிந்துரைகள்தான் திருப்புமுனை. அதன்பின் பேச்சு புள்ளியிலிருந்து கனஅளவுக்கு மாறியது. இலக்குப் பகுதியின் 90 சதவீதத்துக்குக் குறைந்தபட்சம் கிடைக்கும் டோஸ் டி90. ஓர் உறுப்பில் மிக அதிக டோஸ் வாங்கும் 2 கன செ.மீ. பகுதி பெறும் குறைந்தபட்ச டோஸ் டி2சிசி. ஆகவே உங்கள் கட்டுரைகளை முதலில் இரண்டாகப் பிரியுங்கள்: புள்ளிக்குக் கணக்கிட்டவை ஒரு பக்கம், கனஅளவுக்குக் கணக்கிட்டவை மறுபக்கம். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

அடுத்து, எந்த அலகில் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் வேலைக்கு வந்த புதிதில் பத்து ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அட்டவணை போட்டேன். மூன்று ஆய்வுகளில் டோஸின் அலகான கிரேயை அப்படியே கூட்டியிருந்தார்கள்; மற்றவற்றில் 2 கிரே தவணைகளாகக் கொடுத்தால் அதே விளைவு தரும் டோஸாக, அதாவது இ.க்யூ.டி.2 ஆக மாற்றியிருந்தார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை. மூத்தவர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று முதல் ஒவ்வொரு கட்டுரையின் கணக்கையும் பென்சிலால் போட்டுப் பார்க்கிறேன். நீங்களும் போடுங்கள்.

வெளிக் கதிர்வீச்சு 25 தவணைகளில் 45 கிரே, உள் கதிர்வீச்சு 7 கிரே வீதம் நான்கு முறை என்று வைத்துக்கொள்வோம். நேரடியாகக் கூட்டினால் 73. கட்டிக்கு ஆல்ஃபா-பீட்டா விகிதம் (தவணையின் அளவு மாறுவது அந்தத் திசுவை எவ்வளவு பாதிக்கும் என்று காட்டும் எண்) 10 என்று கொண்டு மாற்றினால் 44.3உம் 39.7உம் சேர்ந்து 84. சிறுநீர்ப்பைக்கு விகிதம் 3. உள் கதிர்வீச்சில் அதன் டி2சிசி ஒவ்வொரு முறையும் 5 கிரே என்றால் வெளிக் கதிர்வீச்சையும் சேர்த்து மொத்தம் 75.2, அதுவே 6 கிரே என்றால் 86.4. தவணைக்கு ஒரே ஒரு கிரே கூடியதற்கு மொத்தத்தில் 11 கிரேக்கு மேல் ஏறிவிட்டது! எம்பிரேஸ் 2 என்ற பன்னாட்டு ஆய்வில் சிறுநீர்ப்பைக்கு எட்ட வேண்டிய இலக்கு 80க்குக் கீழே, தாண்டக்கூடாத வரம்பு 90. இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டவருக்கு அந்த எண்களின் அர்த்தம் மறக்காது.

அதற்கு முந்தைய எம்பிரேஸ் 1 ஆய்வைக் கட்டாயம் முழுதாகப் படியுங்கள். எம்ஆர்ஐ வழிகாட்டலில் சிகிச்சை பெற்ற 1341 பேரின் முடிவுகள் 2021இல் வந்தன. ஐந்தாண்டுகளில் கட்டி இருந்த இடத்தில் கட்டுப்பாடு 92 சதவீதம். அருமையான எண்தான். ஆனால் இது ஒரே பிரிவைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு, இரண்டு பிரிவுகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து ஒப்பிட்டதல்ல. மேற்கோள் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது குவியும் கட்டுரைகளில் பெரும்பங்கு செயற்கை நுண்ணறிவு பற்றியவை. அவற்றைப் படிக்குமுன் ஒரு மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லைக்கோடு வரைவதைப் பாருங்கள். டி2 (T2) வகை எம்ஆர்ஐ படத்தில் கருப்பை வாயின் சுவர் கருமையாகவும் கட்டி சற்று வெளுத்தும் தெரியும். வெளிக் கதிர்வீச்சு முடிந்து கட்டி சுருங்கிய பிறகு பக்கத் திசுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை மிஞ்சும். அது எஞ்சிய நோயா, ஆறிய தழும்பா என்பதில்தான் சிக்கல். ஒரே படத்தில் இரு மருத்துவர்கள் வரைந்த கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்திருக்கிறேன். கருப்பை வாய்க்குள் ஒன்றாக ஓடியவை அந்தப் பட்டைக்கு வந்ததும் பிரிந்துவிட்டன. சிறுநீர்ப்பையைக் கணினி சரியாக வரைந்தது என்று படித்தால் நான் வியப்பதில்லை; அதன் விளிம்பு தெளிவானது. சாம்பல் பட்டையில் என்ன செய்தது? யார் வரைந்ததைச் சரி என்று கொண்டார்கள்? வேறு மருத்துவமனைப் படங்களில் சோதித்தார்களா? கோடு மாறியதால் டி90 எவ்வளவு மாறியது? கோடுகளின் ஒற்றுமையை மட்டும் காட்டி டோஸைக் காட்டாத கட்டுரையை ஓரமாக வையுங்கள்.

முப்பரிமாண அச்சில் தயாரித்த அப்ளிகேட்டர் (கதிர்மூலத்தை உள்ளே வைக்க உதவும் கருவி), எம்ஆர்ஐ இல்லாத இடங்களுக்கு சிடி, அல்ட்ராசவுண்ட் வழிகாட்டல் ஆகியவையும் வளர்ந்து வருகின்றன. இதில் சிடி, அல்ட்ராசவுண்ட் ஆய்வுகளுக்கு இன்னும் அதிக கவனம் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சொற்களின் எண்ணிக்கையை வைத்து ஆய்வுப் போக்கை வரைபடமாகக் காட்டும் கட்டுரைகள் தேடலுக்கு உதவும். ஆனால் கட்டுரைகள் பெருகுவதும் சிகிச்சை பெருகுவதும் வேறு வேறு. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்து 2013இல் வந்த ஓர் ஆய்வைப் பாருங்கள்: பிராக்கிதெரபி பெற்றவர்கள் 1988இல் 83 சதவீதம், 2009இல் 58 சதவீதம். இவ்வளவு பயன் தரும் சிகிச்சை கைவிடப்பட்டதைப் படித்த அன்று எனக்கு மனம் ஆறவில்லை.

மருந்து ஆய்வுகளையும் விட்டுவிடாதீர்கள். இன்டர்லேஸ் (கதிர்வீச்சுக்கு முன் கீமோ), கீநோட் ஏ18 (கதிர்வீச்சோடு இம்யூனோதெரபி) ஆய்வுகள் இரண்டையும் எடுத்து, மருந்து பற்றிய பகுதிக்கு முன் கதிர்வீச்சு முறை பற்றிய பத்தியைப் படியுங்கள். மொத்தச் சிகிச்சை எத்தனை நாளில் முடிந்தது, எட்டு வாரத்தைத் தாண்டியதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

என் நோட்டில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கடைசிக் கட்டம் ஒன்று உண்டு: அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள்? யோனி சுருங்குவது, தாம்பத்தியம், மலம் கழிக்கும் அவசரம், அப்ளிகேட்டர் பொருத்தும்போதும் எடுக்கும்போதும் வலி. மருத்துவர் குறித்த பக்கவிளைவுத் தரமும் நோயாளியே நிரப்பிய வினாத்தாளும் ஒன்றல்ல. அப்ளிகேட்டரோடு ஊசிகளும் சேர்த்துப் பொருத்தியதைப் புகழ்ந்துவிட்டு, என்ன மயக்க மருந்து கொடுத்தார்கள் என்று ஒரு வரிகூட எழுதாத கட்டுரைகள் வருகின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் தொடர்பு ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். நான் எழுதியவற்றில் பாதிக்கு மேல் பதில் வந்திருக்கிறது.