மூச்சுத் திணறல் முற்றும்போது மருந்துகளைக் கையாளும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு, மேசைமீது முழங்கைகளை ஊன்றிக்கொண்டு, ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகச் சொல்லி முடிக்க முடியாமல் திணறினால், அவரைப் படுக்க வைக்காமல் உட்கார்ந்த நிலையிலேயே மருந்தைத் தொடங்க வேண்டும்.

முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமால் பம்பு. அதை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் (பம்புக்கும் வாய்க்கும் இடையே வைக்கும் குழல்) பொருத்தி, ஒரே ஒரு முறை அழுத்தி, நான்கைந்து மூச்சு நிதானமாக இழுக்கச் சொல்லுங்கள். அரை நிமிடம் கழித்து மீண்டும் குலுக்கிவிட்டு அடுத்ததை அழுத்தலாம். அவசரத்தில் தொடர்ந்து இரண்டு மூன்று முறை அழுத்தினால் மருந்தில் பெரும்பகுதி ஸ்பேசரின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். எத்தனை முறை என்பது மருத்துவர் எழுதித் தந்த தாளின்படியே இருக்கட்டும். அதன் பிறகும் திணறல் தணியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பேச்சு குழறினாலோ 999 எண்ணை அழையுங்கள்.

மூச்சுக்குழாய் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் மாத்திரை வேலை செய்யப் பல மணி நேரம் பிடிக்கும். வழக்கமாக நாளுக்கு 40 மில்லிகிராம் வீதம் 5 நாள் தருவார்கள். போன தடவை மிஞ்சியதை நாமே எடுத்துக் கொடுப்பது சரியல்ல, இனிப்புநீர் உள்ளவருக்குச் சர்க்கரை சட்டென்று ஏறிவிடும். சளி கெட்டியாகி, மஞ்சளோ பச்சையோ ஆனால் மருத்துவர் நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்ப்பார்.

பெரும்பாலோர் தவறு செய்யும் இடம் ஆக்ஸிஜன். கூடுதலாகத் திறந்துவிட்டால் நல்லது என்று தோன்றும். ஆனால் இந்நோயாளிகளில் சிலருக்கு அதனாலேயே இரத்தத்தில் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும். ஆகவே விரலில் மாட்டும் கருவி இரத்த ஆக்ஸிஜன் அளவை 88 முதல் 92 விழுக்காடு என்று காட்டினால் போதும், 98ஐத் துரத்த வேண்டியதில்லை. மருத்துவமனையில் இரத்தத்தின் அமிலக் காரக் குறியீடு 7.35க்குக் கீழே இறங்கி, கரியமில வாயுவும் கூடியிருந்தால், முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் இயந்திரத்தைப் பொருத்துவார்கள். மூச்சைத் தூண்டும் டாக்சாப்ரம் என்ற ஊசி ஒரு காலத்தில் இதற்குப் பயன்பட்டது, இந்த இயந்திரம் வந்தபின் அது பின்னுக்குப் போய்விட்டது.

“இராத்திரி முழுக்கத் தூங்கல, பாவம்” என்று தூக்க மாத்திரையையோ கோடீன் கலந்த இருமல் மருந்தையோ கொடுத்துவிடாதீர்கள். இரண்டுமே மூச்சை மேலும் மந்தமாக்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால், ஆம்புலன்ஸில் வருபவரிடம் மறைக்காமல் முதலில் அதைச் சொல்லி, அந்த மாத்திரை அட்டையையோ மருந்துப் புட்டியையோ பம்போடு சேர்த்து ஒரே பையில் போட்டுக் கையில் கொடுங்கள்.