தொல் இந்தோ-ஈரானியத்தில் 'கை': ஒரு சொல்லை மீட்டுருவாக்கும் முறை

வேதமொழியும் அவெஸ்த மொழியும் (ஜரதுஷ்டிர மறைநூலான அவெஸ்தாவின் பழைய ஈரானிய மொழி) பிரிவதற்கு முன் இருந்த பொது மூதாதை மொழியே தொல் இந்தோ-ஈரானியம். அதில் 'கை'க்கு வழங்கிய சொல் எந்த எழுத்திலும் பதிவாகவில்லை. ஆயினும் கிளைமொழிகளை ஒப்பிட்டு அதை மீட்டெடுக்கலாம். கீழே 'ஃஜ' என்பது ஸகரத்தை அதிர்வுடன் ஒலிப்பதைக் குறிக்கும். உடுக்குறி (*) இட்டது மீட்டுருவாக்கிய வடிவம்.

முதலில் சான்றுகளைத் திரட்டுங்கள். ரிக்வேதத்தில் ஹஸ்த, அவெஸ்தாவில் ஃஜஸ்த, பாரசீகப் பேரரசர் முதலாம் டேரியஸின் பெஹிஸ்தூன் கல்வெட்டில், அதாவது பழம்பாரசீகத்தில், தஸ்த ('தயவு' என்பதில் உள்ள மெல்லிய தகரம்). கடன்சொற்கள் சாட்சியாகா: தமிழின் அத்தம் வடமொழி வழியாகவும், தஸ்தாவேஜு பாரசீக வழியாகவும் வந்தவை. இந்தியின் ஹாத் வழிவழியாக வந்த மரபுச் சொல். உருதுவின் தஸ்த் அவ்வாறன்று, பாரசீகக் கடன். ஒப்பிடுவதற்கு மென்பொருளைவிடக் கோடிட்ட தாளே மேல் என்பேன், ஏனெனில் ஒவ்வொரு ஒலியையும் அதன் கட்டத்தில் கையால் எழுதும்போதுதான் பொருந்தாத இடம் கண்ணில் படுகிறது.

'அஸ்த' என்ற பகுதி மூன்றிலும் ஒன்றே. அதை அப்படியே கீழிறக்கலாம்.

சிக்கல் முதல் மெய்யில்தான். மூத்தது வேதம் என்று கருதி ஹகரத்தையே மூல ஒலியாகக் கொள்ளும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். வேதமொழியின் ஹகரம் முக்கியமாக இரண்டு மூலங்களிலிருந்து வருவது: 'கொல்கிறான்' என்னும் ஹந்திக்கு அவெஸ்தாவில் ஜைந்தி, 'பொன்' என்னும் ஹிரண்யவுக்கு ஃஜரண்ய. முன்னது அடியண்ணக் (வாயின் பின்பகுதியில் பிறக்கும்) ககர இனத்திலிருந்து பிறந்தது, பின்னது முன்னண்ண (மேலண்ணத்தின் முன்பகுதியில் பிறக்கும்) ஒலி. வேதம் கலந்துவிட்ட இவற்றை அவெஸ்தா பிரித்துக் காட்டுகிறது. ஆனால் அவெஸ்தா மட்டும் போதாது. 'பிறந்த' என்னும் ஃஜாத அங்கே அதே ஃஜகரத்தில் தொடங்க, வேதத்தில் அது ஜாத என்று மூச்சொலி (மெய்யோடு சேர்ந்து வெளிவரும் ஹகர மூச்சு) இன்றி நிற்கிறது; அதாவது அவெஸ்தா இழந்த மூச்சொலியை வேதம் காக்கிறது. இரண்டையும் சேர்த்தால், மூச்சொலியுடன் கூடிய முன்னண்ண ஜகரம் கிடைக்கும்: *ஜ்ஹஸ்த. பழம்பாரசீகத்தில் பொன் தரணிய என்றிருப்பதால், தஸ்தவின் தகரமும் முறைப்படி வந்ததே.

பின்சேர்க்கை: இதே முறையை 'இதயம்' என்பதற்குப் பயன்படுத்திய ஒரு வாசகர், கிரேக்கத்தின் கார்தியா ககரத்தில் தொடங்குவதைக் கண்டு தம் விடையை ஐயுற்றார். வேதத்தில் ஹ்ருத், அவெஸ்தாவில் ஃஜெரெத். எனவே இந்தோ-ஈரானிய நிலைக்கு *ஜ்ஹ்ருத் என்றே எழுத வேண்டும். கிரேக்கத்தோடு வரும் முரண் உண்மையானது, ஆனால் அது கிரேக்கமும் பிரியாதிருந்த, இன்னும் மூத்த நிலைக்கு உரிய கேள்வி. அதற்காக இந்த நிலையின் வடிவத்தைத் திருத்தக் கூடாது.